ஒரு கட்டு வல்லாரைக்கு எத்தனை காரணம்

அம்மாவுக்கு முழங்கால் ஒப்பரேசன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த கிழமையே அண்ணா ஒரு ஃப்ரீசர் வாங்கிவிட்டார். சின்னப் பெட்டியல்ல, ஒரு ஆள் உள்ளே இறங்கிப் படுக்கலாம். பிரெஞ்சுத் தலைநகருக்கு வெளியே, கூசேன்விலில் இருக்கிற அம்மா வீட்டுக் குசினியில் அது அடங்கவில்லை. வரவேற்பறையில், அம்மா இருந்து டிவி பார்க்கும் கதிரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினோம். வீட்டில் புதிதாகப் பிள்ளை பிறந்ததுபோல அக்கம்பக்கத்தவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அண்ணா இன்னொரு புறநகரான பொபினியில் இருக்கிறார். விமான நிலையத்தில் எந்தச் சரக்கு எந்த லொறியில் ஏற வேண்டும், எப்போது வெளிக்கிட வேண்டும் என்று திட்டம் போடுவது அவருடைய வேலை. அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கும். நல்ல குணம்தான். கூடப் பிறந்தவர்களுக்கு எரிச்சல் தருகிற நல்ல குணம்.

“இனி நீங்கள் லாச்சப்பலுக்கு அலையத் தேவையில்லை, அம்மா. மாதத்துக்கு ஒருக்கா நான் காரிலை போய் எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு வந்து இதுக்குள்ளை போட்டிடுறன்,” என்றார்.

ஒப்பரேசனுக்கு முன்பு அம்மா சனிக்கிழமை தவறாமல், தலைநகருக்குள் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்குப் போவார். புறநகர் டி ரயில் ஏறி, கார் து நோர் நிலையத்தில் இறங்கி, கடைத்தெருவுக்கு நடந்து போய், ஒரு கட்டு வல்லாரையும் ஒரு பிடி பச்சைமிளகாயும் வாங்கிக்கொண்டு வந்த வழியால் திரும்புவார். அவ்வளவுதான். அதே வல்லாரை கூசேன்விலில் அம்மா வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிற தமிழ்க் கடையிலும் கிடைக்கும். அப்பா இருந்த காலத்தில் இதைச் சொல்லிப் பகிடி பண்ணுவார். அப்பா போன பிறகும் அம்மா போய்க்கொண்டுதான் இருந்தார்.

“வல்லாரையை ஐசுக்குள்ளை வைச்சால் கறுத்துப்போகும், தம்பி,” என்றார் அம்மா.

“கழுவி, அரிஞ்சு, சின்னச் சின்னப் பெட்டியிலை போட்டால் கறுக்காது. நான் விசாரிச்சிட்டன்.”

“மிளகாயைக் கையாலை தொட்டுப் பார்த்துத்தான் எடுக்கவேணும்.”

“அங்கை நிண்டு வீடியோ கோல் எடுக்கிறன். நீங்கள் பார்த்துச் சொல்லுங்கோ.”

“நடக்கச் சொல்லித்தானே டொக்டரும் சொன்னவர்.”

“வீட்டுக்குப் பின்னாலை பார்க் இருக்கு, அம்மா.”

அம்மா இன்னொரு காரணம் தேடினார். கிடைக்கவில்லை. “ஓம், அப்ப நல்லதுதானே,” என்று சொல்லிவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினார். நானும் அங்கேதான் இருந்தேன். அண்ணா சொன்னதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை.

கால் ஆறியது. உடற்பயிற்சி பழக்க வந்த பெண், இனிப் படி ஏறலாம், ரயிலும் ஏறலாம் என்று சந்தோசமாகக் கைகொடுத்துவிட்டுப் போனார். ஆனால் அம்மா தேறவில்லை. காலையில் போட்ட வீட்டுச்சட்டையோடு பின்னேரம் வரை இருந்தார். என் வீட்டிலிருந்து நான் போன் எடுத்தால் முன்பு அரைமணி நேரம் வைக்க விடமாட்டார், இப்போது “என்ன செய்யிறது, இருக்கிறன்” என்பதோடு கதை முடிந்துவிடும். பக்கத்தில் ஃப்ரீசர் நிறைய மரக்கறி இருக்க, அம்மா பேக்கரிப் பாணும் பருப்பும் சாப்பிட்டார். அண்ணா மாத்திரைகளைக் குற்றம் சொன்னார். இந்த மாதத்தோடு அம்மாவின் நவிகோ ரயில் அட்டையையும் நிறுத்தப்போகிறேன், ஏறாத ரயிலுக்கு ஏன் சும்மா கட்டுவான் என்றார். எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் கண்முன்னாலேயே அம்மா கொஞ்சம் கொஞ்சமாக ஆள் இல்லாமல் போய்க்கொண்டிருந்தார், ஏன் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த நாட்களில் எனக்குச் சம்பளம் தந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். சென் தெனியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வில் வேலை செய்துகொண்டிருந்தேன். புறநகர்களில் இருக்கிற தமிழர் பக்கத்துக் கடையை விட்டுவிட்டு மரக்கறிக்கும் மீனுக்கும் ஏன் லாச்சப்பல் வரைக்கும் வருகிறார்கள் என்பதுதான் ஆய்வு. ஆட்களைச் சந்தித்துத் தமிழில் பேசிப் பதிவு செய்வது, அதைப் பிரெஞ்சில் எழுதுவது, எழுதியதற்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. வல்லாரைக்காக ரயில் ஏறுகிற ஒரு பெண்ணைக் குடும்பத்திலேயே வைத்துக்கொண்டு நான் வெளியே ஆள் தேடித் திரிந்தேன். அம்மாவை ஆய்வுக்குள் சேர்க்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் அம்மா.

ஆட்கள் தாராளமாகப் பேசினார்கள். பொபினியில் பள்ளிக்கூடக் கன்டீனில் வேலை செய்கிற ஒரு அக்கா, கறிவேப்பிலைக்காக வருவதாகச் சொன்னார். இங்கேதான் மலிவு என்றார். விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றுகிற ஒருவர் கிழமைக்கு ஒரு மீன் வாங்க வருவார். “மலிவெண்டு ஆர் சொன்னது? இஞ்சைதான் விலை கூட. ஆனால் மீன் புதுசு,” என்றார். மனைவிதான் தன்னை அனுப்புகிறார் என்றும் சொன்னார். அவருடைய மனைவியிடம் தனியாகக் கேட்டேன். “நான் அனுப்புறனோ? வீட்டிலை நிக்கச் சொன்னாலும் நிக்கமாட்டார்,” என்றார் அவர். சென் தெனியில் இருக்கிற மன்னார் அம்மா ஒருவர், ஞாயிறு தேவாலயப் பூசை முடிந்து வந்து ஒரு சின்னப் பைக்கற் கருவாடு வாங்குவார். மலிவும் இல்லை, புதுசும் இல்லை, பழகின கடை, அவ்வளவுதான் என்று முடித்துவிட்டார்.

இப்படி வந்து குவிந்ததை என்ன செய்வது? முறை ஒன்று இருக்கிறது. ஒவ்வொருவர் சொன்னதையும் வரி வரியாக வாசிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் வைத்து, வண்ணக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். விலைக்கு மஞ்சள், புதுசுக்குப் பச்சை, பழக்கத்துக்கு நீலம். பிறகு எது எதோடு சேர்கிறது என்று பார்த்துப் பார்த்து இடம் மாற்ற வேண்டும். சேரச் சேர அதற்குள்ளிருந்து ஒரு பொருள் எழும்பி வரும் என்று ஆய்வை நடத்திய பேராசிரியர் சொல்லியிருந்தார். அந்தப் பெண்மணிக்கு ஆயுள் முழுவதும் இதே வேலை, பொறுமைக்குக் குறைவில்லை. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. சுவர் நிறைந்தது, ஒன்றும் எழும்பி வரவில்லை. மஞ்சள் ஒன்றைச் சொன்னால் அதற்குப் பக்கத்து மஞ்சள் நேர் எதிராகச் சொன்னது. இந்த மனிதர்கள் வாயில் வந்ததைச் சொல்லி என்னைப் பேய்க்காட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக் கோபம் கோபமாக வந்தது.

ஒரு பின்னேரம் கோபத்தில் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு சுவரை விட்டுத் தள்ளிப் போய் நின்றேன். காகிதங்களில் இருந்த எழுத்து அங்கிருந்து தெரியவில்லை. சொன்ன ஆட்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களுடைய முகம், உடுப்பு, கையில் இருந்த பை. எல்லோருடைய பையும் சின்னப் பை.

ஒருவர்கூடக் கனக்க வாங்கவில்லை. அவ்வளவு தூரம் ரயிலில் வந்து, ஒரு கட்டு, ஒரு பிடி, ஒரு மீன். மீன் பழுதாகும், கீரை வாடும், சரி. கருவாடு பழுதாகிற சாமானா? மன்னார் அம்மா நினைத்தால் வருசத்துக்குக் காணுமான கருவாட்டை ஒரே நாளில் வாங்கிக் கட்டிவைக்கலாம். அவரும் ஒவ்வொரு கிழமையும் ஒரு சின்னப் பைக்கற்தான் வாங்கினார். இவர்கள் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. காரணம் ஆளுக்கொன்று, செய்கை மட்டும் எல்லோருக்கும் ஒன்று. அப்படியென்றால் இவர்கள் சொன்ன எந்தக் காரணமும் உண்மையான காரணம் இல்லை.  தேத்தண்ணி கையில் ஆறிப்போகும் வரை அப்படியே நின்றேன்.

மறுநாள் பேராசிரியரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் மகிழ்ந்தார். “அப்படியானால் உண்மையான காரணம் எது?” என்று கேட்டார்.

“தனிமை,” என்றேன். எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. “நாலு தமிழ் முகத்தைப் பார்க்க, நாலு பேரோடு பேச வருகிறார்கள்.”

“அதை அவர்கள் எங்கே சொல்கிறார்கள்? வரியைக் காட்டுங்கள்.”

வரி இல்லை. பெட்டி ஏற்றுகிறவர், தான் லாச்சப்பலில் ஒருவரோடும் நின்று பேசுவதில்லை என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். மன்னார் அம்மா, தெரிந்தவர்கள் கண்ணில் பட்டால் ஊர்ப்புதினம் கேட்பார்கள் என்று தெருவின் மற்றப் பக்கம் மாறிப் போவாராம். நான் ஆசைப்பட்ட பதிலை அவர்களுடைய வாயில் திணிக்கப் பார்த்திருக்கிறேன். பேராசிரியர் குத்திக்காட்டவில்லை, நான் பிரெஞ்சில் எழுதியதையெல்லாம் ஒருமுறை முழுவதும் வாசித்துவிட்டு வருவதாகச் சொல்லி வீட்டுக்கு எடுத்துப் போனார்.

திரும்பி வந்தபோது அவருக்கு ஒரு கேள்வி இருந்தது. முட்டாள்தனமான கேள்வி, மன்னித்துக்கொள்ள வேண்டும் என்ற முன்னுரையோடு கேட்டார்.

“உங்கள் கடைக்காரர்கள் ஏன் வாடிக்கையாளரை விசாரணை செய்கிறார்கள்?”

எனக்கு விளங்கவில்லை. அவர் தாள்களைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். கடைக்காரர் கேட்டதாக ஆட்கள் சொன்ன ஒரு கேள்விக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார். போன கிழமை உங்களைக் காணவில்லையே, எங்கே போயிருந்தீர்கள்? ஒவ்வொருவருடைய பேச்சிலும் எங்கேயோ ஓரிடத்தில் அந்தக் கேள்வி இருந்தது.

“என்னுடைய பாண் கடைக்காரர் என்னிடம் இப்படிக் கேட்டால் நான் வேறு கடைக்குப் போய்விடுவேன்,” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. “அது விசாரணை இல்லை, மதாம். சும்மா கேட்பது. வணக்கம் சொல்கிற மாதிரி.”

“சும்மா கேட்டது என்றால், அதை ஏன் எல்லோரும் உங்களிடம் சொல்கிறார்கள்? நீங்கள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லையே.”

 என் சுவரில் அதற்கென்று ஒரு காகிதம்கூட இல்லை. பிறந்த நாள் முதல் காதில் விழுந்துகொண்டிருக்கிற பேச்சு, அதனால் எழுதும்போது கை எழுதியது, காது கேட்கவில்லை. அறையைச் சாத்திக்கொண்டு பதிவுகளைத் திரும்பக் கேட்டேன்.

பொபினி அக்கா சொன்னார்: “ரெண்டு கிழமை வராட்டி அந்த அண்ணை விடமாட்டார். எங்கை போனனீங்கள் எண்டு கேப்பார்.” மன்னார் அம்மா சொன்னார்: “காய்ச்சல் எண்டு வரேல்லை. அடுத்த கிழமை போனால் கடைப்பிள்ளை கேக்குது, என்னம்மா ஊருக்குப் போட்டியளோ எண்டு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். பேசிய நேரம் முழுவதிலும் அவர் சிரித்தது அந்த ஒரு இடத்தில்தான். ஒருவரோடும் பேசுவதில்லை என்ற பெட்டி ஏற்றுகிறவரும் இதைச் சொல்லியிருந்தார்: “போன சனி வரேல்லை. மீன்கடைக்காரர் கேட்டவர், என்ன காணேல்லை, சுகமில்லையோ எண்டு.” அதோடு, “என்ரை பேர் அவருக்குத் தெரியாது, பிள்ளை. அவரின்ரை பேரும் எனக்குத் தெரியாது,” என்றார்.

அவருடைய குரலில் இருந்தது பெருமை. முதல்தரம் கேட்டபோது எனக்கு அது எப்படித் தெரியாமல் போனது என்று இன்றைக்கும் புரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை லாச்சப்பலுக்குப் போனேன். தலைக்கு மேலே மெத்ரோ ரயில் ஓடுகிற பாலத்துக்குக் கீழே ஓரமாக நின்று பார்த்தேன். எத்தனையோ வருசமாக இடித்துத் தள்ளிக்கொண்டு போய், ஏன் இந்தச் சனம் இப்படி வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது என்று திட்டிய அதே தெரு. இன்றைக்கு என்னால் அங்கிருந்து அசைய முடியவில்லை. கறிவேப்பிலைக்கு ஒருவர், வாழைக்காய்க்கு ஒருவர், தோடம்பழத்துக்கு ஒருவர் என்று படியிறங்கி வந்துகொண்டே இருந்தார்கள். அவ்வளவு பேரும் ஏதோ ஒரு கடையில், பேர்கூடத் தெரியாத ஒருவருடைய கணக்கில் இருக்கிறார்கள். வராவிட்டால் அவர் கேட்பார். அடுத்த கிழமையும் வர வேண்டுமென்றால் இந்தக் கிழமை வாங்கியது முடிய வேண்டும். அதனால்தான் சின்னப் பை. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. செய்கிறவர்களுக்கே தாங்கள் செய்வது தெரியாது, கேட்டால் விலை என்பார்கள், மீன் புதுசு என்பார்கள். இவ்வளவு பெரிய ஒரு காரியத்தை இவ்வளவு பேர் சேர்ந்து, ஒரு சத்தமும் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். எனக்குக் கண் கலங்கியது. வெட்கமாக இருந்ததால் தேசிக்காய் பார்ப்பதுபோல் ஒரு கடைப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போதுதான் அம்மாவின் ஞாபகம் வந்தது. இவ்வளவு படித்த மண்டைக்கு அது அவ்வளவு நேரம் எடுத்தது.

அம்மாவின் வல்லாரைக் கடை எனக்குத் தெரியும், முன்பு ஓரிரு தடவை கூடப் போயிருக்கிறேன். கடைக்கார அண்ணை தராசுக்குப் பின்னால் நின்றார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

“அண்ணை, சனிக்கிழமையிலை ஒரு அம்மா வாறவ. சாம்பல் கோட்டு. கூசேன்விலிலை இருந்து…”

“வல்லாரை அம்மாவோ?” நிறுத்துக்கொண்டிருந்த கத்தரிக்காயை அப்படியே விட்டார். “நீர் ஆர்?”

“மகள்.”

“கன நாளாக் காணேல்லை, பிள்ளை. கூசேன்வில் ஆக்கள் ஆர் வந்தாலும் கேக்கிறனான். ஒருத்தருக்கும் தெரியேல்லை. பேர் தெரியாமல் எப்பிடி விசாரிக்கிறது?” பின்னால் நின்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். “இருக்கிறாவோ?”

 தலையை ஆட்டினேன்.  “இருக்கிறா, அண்ணை. முழங்காலிலை ஒப்பரேசன். இப்ப நடக்கிறா.”

“அப்பாடா.” கத்தரிக்காயைத் திரும்ப எடுத்தார். “வாற சனி வருவாவோ?”

“வருவா,” என்றேன். ஒருவரையும் கேட்காமல் சொன்னேன்.

அங்கிருந்து நேராகக் கூசேன்விலுக்குப் போனேன். அண்ணா எனக்கு முன்பே வந்திருந்தார். அந்த மாதத்துச் சாமான்களை இறக்கி, வல்லாரையைக் கழுவி அரிந்து, சின்னச் சின்னப் பெட்டிகளில் போட்டுக்கொண்டிருந்தார். ஒழுங்காகத்தான் செய்தார், ஒரு குறை சொல்ல முடியாது. அம்மா வீட்டுச்சட்டையோடு கதிரையில் இருந்தார். வருகிற வழியெல்லாம் ரயிலில் யோசித்தேன். தனிமை என்று தொடங்கினால் அம்மாவுக்குக் கோபம் வரும், எனக்கென்ன தனிமை, ரெண்டு பிள்ளையள் இருக்கினம் என்று முடித்துவிடுவார். காரணம் சொல்லப் போனால் அண்ணாவிடம் பதில் இருக்கும். அதனால் நான் ஆய்வைப் பற்றி வாயே திறக்கவில்லை.

“லாச்சப்பலிலை உங்களைக் கேட்டவை, அம்மா,” என்றேன்.

“என்னையோ? ஆர்?”

“வல்லாரைக் கடை அண்ணை.”

அம்மா டிவியை நிறுத்தினார். “என்னெண்டு கேட்டவர்?”

“கன நாளாக் காணேல்லையாம். கூசேன்வில் ஆக்களை எல்லாம் விசாரிச்சவராம். இருக்கிறாவோ எண்டு என்னட்டைக் கேட்டவர்.”

“செத்துப்போனன் எண்டு நினைச்சிட்டாரோ?” அம்மா சிரித்தார். கன நாட்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. சிரித்துக்கொண்டிருந்தபோதே கண்ணைத் துடைத்தார். “பாவம் மனிசன். நீ என்ன சொன்னனீ?”

“வாற சனி வருவா எண்டு சொல்லிப்போட்டன்.”

அம்மா வீட்டுச்சட்டையின் மடிப்பை நீவிவிட்டார். கதிரையின் கைப்பிடியில் ஊன்றி எழும்பினார். “அப்ப போகத்தானே வேணும்,” என்றார்.

“நான் காரிலை கொண்டுபோய் விடுறன், அம்மா,” என்றார் அண்ணா.

“வேண்டாம், தம்பி. லாச்சப்பலிலை கார் விட எங்கை இடம்?”

அண்ணாவிடம் அதற்கும் ஒரு பதில் இருந்திருக்கும். வாயைத் திறந்தார். பிறகு, எழும்பி நின்ற அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையில் இருந்த வல்லாரைப் பெட்டியை ஃப்ரீசருக்குள் வைக்காமல் மேசையில் வைத்தார்.

“எத்தினை மணி ட்ரெயின்?” என்று கேட்டார்.